பூங்கா பேண்டும் ஒரு வருஷத் துக்கமும்

சான் ரூக்கே
3 பிப்ரவரி 1987

மிரோ அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு எழுதிய கடிதம் இல்லை. எனக்குத்தான் நீ எழுதுவதே இல்லையே. கார்டிங் மாமாவுக்கு எழுதியது. சந்தையில் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு நேராக நம் வீட்டுக்கு வந்தார். ஒத்திகைக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அதைச் சத்தம் போட்டு வாசித்தார். "மேஸ்த்ரோ மறைந்து ஒரு வருஷம் முடியும்வரை அவர் வீட்டிலிருந்து இசை வெளியே போகக் கூடாது. மூத்த மகன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, கசிமிரோ." கல்யாணப் பத்திரிகைகூட இதைவிடப் பாசமாக இருக்கும்.

வாசித்து முடித்ததும் மாமா தன் பெரிய டியூபாவைச் சுவரோரம் சாய்த்துவைத்தார். "மூத்தவன் சொல்லிட்டான்மா. இனி நான் ஊதினா மேஸ்த்ரோவுக்கே துரோகம்" என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வாத்தியத்தை உறையில் போட்டார்கள். ஊருக்கே மேஸ்த்ரோவாக இருந்த அப்பா பேண்டை நடத்தும் குச்சியைக் கையில் பிடித்தபடி நான் நடுவில் நின்றேன். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

இப்போது விஷயத்தைக் கேள். பூங்கா இசை மேடையை ஞாயிறு மாலைகளில் நம் பேண்டுக்கென்று நகராட்சி அப்பாவிடம் எழுதிக் கொடுத்தது உனக்குத் தெரியும். நிபந்தனை இரண்டுதான். யாரிடமும் காசு வாங்கக் கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் மேடை சும்மா கிடக்கக் கூடாது. முதல் ஞாயிறு அப்பாவின் உடல் வீட்டில் இருந்தது. அடுத்த ஞாயிறு நவநாள் ஜெபம். அதற்கடுத்து உன் கடிதம். கவுன்சிலர் திபுர்சியோ நேற்று அளவு நாடாவோடு வந்து மேடையைச் சுற்றி அளந்துவிட்டுப் போனார். வேலி போட்டு, டிக்கெட் வைத்து, ஏதோ சோப்புக் கம்பெனியின் பாட்டுப் போட்டி நடத்தப் போகிறார்களாம். அளந்துகொண்டே என்னிடம், "துக்கத்துல இருக்கீங்க டீச்சர், நல்லா ஓய்வெடுங்க" என்றார்.

பதினைந்தாம் தேதி ஞாயிறன்று நாம் வாசித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மேடை போய்விடும். மாமாவுக்கு ஒரு தந்தி அடி. "வாசிக்கலாம்" என்று ஒரு வார்த்தை போதும்.

உன் தங்கை
பெர்லிதா


ஹாங்காங்
11 பிப்ரவரி 1987

பெர்லிதா,

தந்தி அனுப்பிவிட்டேன். "வேண்டாம்" என்று.

காரணம் கேட்பாய். அப்பாவைப் பெட்டியில் வைத்தபோது நான் இல்லை. தூக்கிக்கொண்டு போனபோதும் இல்லை. மூத்த மகன் தோள் கொடுக்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தோள் கொடுத்தார் என்று நீதான் எழுதினாய். அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று உனக்குத் தெரியாது. எனக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு வருஷம்தான். அதையாவது ஒழுங்காகச் செய்ய விடு.

அம்மா இறந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? அப்போது பேண்டு இல்லை. அப்பா வானொலிப் பெட்டியைக் கருப்புத் துணியால் மூடினார். பக்கத்துத் தெருத் திருவிழாவுக்குக்கூட நம்மை விடவில்லை. நீ சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அப்போதும் அவர் துணியை எடுக்கவில்லை. அவருக்கு நாம் அதைச் செய்ய வேண்டாமா?

மேடை போனால் போகட்டும். மேஸ்த்ரோவின் மகள் கருப்பு உடுப்போடு நின்று ஆட்டப் பாட்டுக்குக் கை வீசுகிறாள் என்று ஊர் பேசினால், அந்தப் பேச்சைத் திரும்ப வாங்க முடியாது. நீ சாப்பிடுகிறாயா? இளைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

கசிமிரோ


சான் ரூக்கே
24 பிப்ரவரி 1987

அண்ணா,

உன் தந்தி வந்தது. கடிதமும் வந்தது. இரண்டையும் படித்தேன். பதினைந்தாம் தேதி வாசித்தோம்.

கிழித்துப் போடுவதற்கு முன்னால் மிச்சத்தையும் படி. உன் தந்தியைக் கார்டிங் மாமா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இறைச்சி வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அவர் கடைக்கே போனேன்.

"மாமா, அப்பாவைக் கல்லறைக்குத் தூக்கிட்டுப் போனப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

"என்னம்மா கேள்வி இது? முன்னால ஊதிக்கிட்டுப் போனேன்."

"என்ன ஊதினீங்க?"

"சவ ஊர்வலத்துக்கு ஊதற சாவு மார்ச்சு. வேற எதை ஊதறது, ஆட்டம் போடற சாச்சாச்சாவா?"

"அப்ப துக்கத்துல இசை கூடாதுன்னு யாரு சொன்னது? கொண்டாட்டம்தானே கூடாது. நமக்கு மூணு சாவு மார்ச்சு தெரியும். அதையே மாத்தி மாத்தி வாசிப்போம்."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வருஷத்துக்கு."

மாமா கத்தியைக் கட்டையில் குத்திவிட்டு என்னையே பார்த்தார். வாங்க வந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். "உங்கப்பன் புத்தி அப்படியே இருக்கு உனக்கு. பிடிச்சா விடமாட்ட. மூத்தவன் கேட்டா நீதான் பதில் சொல்லணும், ஆமா" என்றார். இதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறன்று கருப்பு உடுப்பில் மேடையேறி முதல் மார்ச்சைத் தொடங்கினோம். பலூன்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். ஐஸ்கிரீம் வண்டி புதோய் மணியடிப்பதை நிறுத்தினார். பூங்காவைச் சுற்றிப் போன மூன்று சக்கர வண்டிக்காரர் ஒருவர் சவ ஊர்வலம் வருகிறது என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். உள்ளே மீன்கூடையோடு இருந்த அம்மா அவரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவர்கூட மேடையைப் பார்க்கவில்லை. எல்லோரும் பூங்கா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது மார்ச்சும் முடிந்ததும் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார்.

"பெட்டி எப்பம்மா வரும்?"

"பெட்டி வராது ஐயா. இது ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி."

"யாரு செத்தது?"

"எங்கப்பா. போன மாசம்."

"போன மாசம் செத்தவருக்கு இன்னுமா பெட்டி வரல?"

கார்டிங் மாமா டியூபாவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். அவர் அழுகிறார் என்று நினைத்து அந்தப் பெரியவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். புதோய்க்குத்தான் வருத்தம். "டீச்சர், அழறவங்க ஐஸ்கிரீம் வாங்க மாட்டாங்க. நடுவுல ஒண்ணாவது குஷியா எடுத்து விடுங்க" என்றார். அடுத்த ஜனவரியில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். திபுர்சியோ தூரத்தில் காரில் இருந்தபடி பார்த்துவிட்டுப் போனார். மேடை இன்னும் நம்முடையதுதான்.

கடைசியாக ஒன்று. எதிர்வீட்டு நேனெங் அக்காவின் மகள் ஹாங்காங்கில் வீட்டு வேலை பார்க்கிறாள் அல்லவா, அவள் வீட்டுக்கு எழுதியிருக்கிறாள். ஓட்டல் பக்கம் போனபோது கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தாளாம். மஞ்சள் கோட்டு, மினுக்குகிற கழுத்துப் பட்டை, டிரம்பெட்டைத் தூக்கிப் பிடித்து இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தாயாம். அப்பாவுக்கு நவநாள்கூட முடியாத நேரம் அது. எனக்குச் சொன்னாயே ஒரு வருஷம், அது கடல் தாண்டி வராதா?

பெர்லிதா


ஹாங்காங்
8 மார்ச் 1987

பெர்லிதா,

கோட்டு ஓட்டலுடையது. ஆடுவது ஒப்பந்தத்தில் இருக்கிறது.

அப்பா இறந்த தந்தியை மேடைக்குப் போகும் முன்னால் உடை மாற்றும் அறையில் என் கையில் கொடுத்தார்கள். மேலாளரிடம் காட்டினேன். கெட்டவர் இல்லை. "ரொம்ப வருத்தமா இருக்கு கசிமிரோ. ஆனா இன்னிக்குப் பெரிய விருந்து, டிரம்பெட் இல்லாம எப்படி?" என்றார். யாரோ ஒரு வியாபாரியின் மகளுக்குப் பிறந்தநாள். பிறந்தநாள் பாட்டை டிரம்பெட்தான் தொடங்கிவைக்க வேண்டும். தொடங்கிவைத்தேன். அந்தப் பெண் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பிட்டேன்.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஊர்ப் பெண்கள் கூடும் சதுக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். கோயிலில் போய் முழங்காலில் நின்று பார்த்தேன். மறுநாள் அந்தக் கோட்டைப் போட்டதும் அப்பா சாகவே இல்லை, ஊரில் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றிவிடுகிறது. நம் வீடாவது ஒரு வருஷம் சத்தமில்லாமல் கிடந்தால், அந்த ஒரு இடத்திலாவது அவர் இறந்தது இறந்ததாக இருக்கும் என்று நினைத்தேன். உனக்கு இது புரியாது. எனக்கே சரியாகப் புரியவில்லை.

உன் இஷ்டப்படி செய். இனி நான் குறுக்கே வரமாட்டேன். எனக்கு எழுதவும் வேண்டாம்.

கசிமிரோ


சான் ரூக்கே
6 ஏப்ரல் 1987

என் மிரோ அண்ணாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். அந்த மஞ்சள் கோட்டு வரியை எழுதிய கையில் சூடு வைக்கலாம் போல இருந்தது. மன்னித்துவிடு. இதைவிட நன்றாக மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது. உனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, மருந்துக்கடை செலிங் அக்கா வாகை மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டிருந்தார். போன ஆகஸ்டில் அவர் கணவர் இறந்துவிட்டார். அதிலிருந்து சினிமா இல்லை, திருவிழா இல்லை, சொந்த அக்கா மகளின் கல்யாண விருந்துக்குக்கூடப் போகவில்லை. வாசித்து முடிந்ததும் பக்கத்தில் வந்தார்.

"பெர்லி, நான் இங்க உக்காரலாமா? இது கொண்டாட்டம் இல்லையே?"

"இல்லக்கா. கொண்டாட்டம்னா எங்க அண்ணன் உடனே தந்தி அடிச்சிடுவான்."

சிரித்துவிட்டார். உடனே கையால் வாயை மூடிக்கொண்டு யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார். ஆகஸ்டுக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறேன் என்று சொல்லி, அப்புறம் அழுதார்.

அடுத்த வாரம் அவர் இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் வேறு சிலரைக் கூட்டிவந்தார்கள். அண்ணா, இந்த ஊரில் ஒரு வருஷம் முடியாதவர்கள் இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது ஞாயிறு மாலையில் பூங்காப் புல்வெளி முழுக்கக் கருப்பு. பாய் கொண்டுவருகிறார்கள். இலையில் சுற்றி வேகவைத்த ஒட்டரிசிப் பலகாரம் கொண்டுவந்து பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சிலர் இறந்தவரின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, கல்லறைத் திருநாள் மாதிரி மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஒரு மார்ச்சுக்கும் அடுத்த மார்ச்சுக்கும் நடுவில் ஊர் வம்பெல்லாம் பேசுகிறார்கள். செலிங் அக்காவுக்கும் மனைவியை இழந்த தபால் நிலையக்காரருக்கும் பாய் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டது. நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன். புதோய்கூட இப்போது முறையிடுவதில்லை. "வெள்ளை ஐஸ்கிரீமு கருப்புத் துணியில சிந்தினா தெரியுது டீச்சர். ஊதாக் கிழங்கு போட்டதுதான் ஓடுது" என்கிறார்.

இதைத்தான் திபுர்சியோ பொறுக்கவில்லை. பூங்கா மக்கள் மகிழ்வதற்கான இடம், சாவு இசை நகரத்தின் முகத்தைக் கெடுக்கிறது என்று சொல்லி மேடையைத் திரும்ப வாங்கத் தீர்மானம் கொண்டுவந்தார். போன வியாழக்கிழமை விசாரணை. நானும் கார்டிங் மாமாவும் போனோம். நான் இரண்டு இரவு உட்கார்ந்து ஒரு பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தேன். அதை வாசிக்க வேலையே வரவில்லை. பின்வரிசையிலிருந்து கருப்பு உடுப்பில் ஒரு அம்மா, பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து வந்தார். திபுர்சியோவின் அம்மா. டிசம்பரில் கணவரை இழந்தவர். வாராவாரம் முன்வரிசையில் உட்காருகிறவர். யாரென்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"திபுர், உங்கப்பா செத்தப்ப நீ எத்தனை நாள் துக்கத்துக்குக் கையில கருப்புப் பட்டை கட்டின?"

"அம்மா, வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல நீ எங்கடா இருக்க? நாலு சுவத்தையும் நான்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். வாரத்துல ஒரு நாளு வெளிய வந்து, நாலு பேரோட உக்காந்து அழுதுட்டு, ஐஸ்கிரீம் தின்னுட்டுப் போறேன். அதுக்கும் வேலி போட்டு டிக்கெட் வைப்பியா?"

தீர்மானத்தைத் திபுர்சியோவே திரும்ப வாங்கிக்கொண்டார். மேடை நம்முடையது, அண்ணா. இனி யாரும் அதை அளக்க வரமாட்டார்கள். வெளியே வந்ததும் கார்டிங் மாமா படியில் உட்கார்ந்து மூச்சு விட்டார். "உங்கண்ணன் இதைப் பாத்திருக்கணும்" என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாவது மார்ச்சில் நடுவில் டிரம்பெட் மட்டும் தனியாக வரும் இடம் உனக்குத் தெரியும். அப்பா உனக்காக எழுதியது. அடக்கத்தன்று அந்த இடத்தில் யாரும் வாசிக்கவில்லை. வேறொருவர் வாசிக்க நான் விடவும் இல்லை. அங்கே வந்ததும் எல்லோரும் வாத்தியத்தை இறக்கிவிட்டு, நீ வாசிக்க வேண்டிய நேரம் முழுக்கச் சும்மா நிற்கிறோம். கூட்டமும் எழுந்து நிற்கிறது. மார்ச்சே அப்படித்தான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ உன் ஊரில் அழாமல் வேறு எங்கே போய் அழுவாய்? பதில் எழுதாதே. வா.

பெர்லி


சான் ரூக்கே, பூங்கா
3 மே 1987, ஞாயிறு மாலை

பெர்லி,

இதைப் புதோய் உன்னிடம் கொடுப்பார். நான் நீரூற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ஓடி வராதே, முதலில் படித்து முடி. நேரில் சொன்னால் நீ என்னைப் பேச விடமாட்டாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஓட்டலில் விடுப்புக் கேட்டேன். ஒப்பந்தம் முடியட்டும் என்றார்கள். கோட்டை மடித்து மேலாளரின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காதே. அடுத்த ஞாயிறு உன் மேடையில் வாசிக்கப் போகிறேன், அது மட்டும் முடிவு. கார்டிங் மாமாவிடம் நானே சொல்கிறேன். மத்தியானப் படகில் வந்து இறங்கினேன். வீட்டுக்கு வராமல் நேராக இங்கே வந்ததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பூட்டிய வீட்டைப் பார்க்கத் தைரியம் இல்லை. கூட்டத்துக்குள் நிற்பது சுலபமாக இருந்தது.

நீ முழங்கையைத் தூக்கிக்கொண்டு கை வீசுகிறாய். அப்பா அப்படி வீசியபோது நாம் இருவரும் கிண்டல் செய்திருக்கிறோம். பேண்டு நன்றாக இருக்கிறது. இரண்டாவது மார்ச்சில் டிரம் கொஞ்சம் அவசரப்படுகிறது, சொல்லிவை. முதல் இரண்டு மார்ச்சும் வந்து போயின. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதற்காகவா வேலையை விட்டுவிட்டு வந்தோம் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவதில் என் இடம் வந்தது. நீங்கள் எல்லோரும் வாத்தியத்தை இறக்கினீர்கள். சுற்றிலும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் மனதுக்குள் வாசிக்க ஆரம்பித்தேன். பாதிவரைக்கும் போயிருப்பேன். அதற்கு மேல் முடியவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதேன். மேடை வரைக்கும் கேட்டிருக்கும். நீ திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் யாராவது அழுவது உங்களுக்குப் பழகிப்போயிருக்கும்.

பக்கத்துப் பாயில் ஒரு அம்மா. கருப்பு உடுப்பு, கையில் மீன் வாசனை. எனக்கு அவரைத் தெரியாது. இலைப் பலகாரம் ஒன்றைப் பிரித்து என் கையில் வைத்தார். நான் தின்று முடித்ததும் கேட்டார்.

"யாருப்பா உனக்கு?"

"அப்பா."

"எப்ப?"

ஜனவரியில் என்று சொல்ல வாய் வரவில்லை.

"இன்னிக்குத்தான்."

அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அப்ப அடுத்த மே வரைக்கும் நீ இங்க வரணும்" என்று சொல்லிவிட்டு, பாயில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

மிரோ